உறங்கத் தெரியாத கருவி: சாதன இயக்கிகளில் மின்சிக்கனப் பிழைகளைக் கண்டு திருத்தும் முறை

ஏரியை நம்பி வாழும் கிராமத்துக்கு, அந்த ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்னும் செய்தி மிகவும் இன்றியமையாதது. முன்னாளில் நீர்க்கட்டி என்னும் ஊழியர் மதகருகே நட்ட அளவுகல்லைப் பார்த்து வந்து ஊராருக்குச் சொல்வார். இன்று அவ்வேலையைச் செய்யவல்ல சிறு கருவிகள் வந்துள்ளன. கம்பத்தின் உச்சியில் சூரிய ஒளித் தகடு ஒன்று. அதன் கீழே ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு பாட்டரி, கையகலக் கணினிப் பலகை, நீர்மட்டத்தை அளக்கும் உணரி, அளவைத் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு அனுப்பும் மோடம் ஆகியவை இருக்கும். இவ்வளவே அக்கருவி.

இத்தகைய கருவி கோடையில் ஒழுங்காக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பிடித்தால், நான்காம் நாள் செய்தி வாராமல் நின்றுவிடுவதும் உண்டு. எந்த நாளில் கரை உடையுமோ என்று ஊர் அஞ்சுகிறதோ, அந்த நாளில் கருவி வாய்மூடிக் கிடக்கும். பாட்டரி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கிப் பொருத்துவார்கள். கருவி மறுபடியும் பேசும். அடுத்த அடைமழையில் மறுபடியும் அதே கதை. இங்ஙனம் பணம் பாட்டரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். நோயோ வேறிடத்தில் இருக்கும்.

அந்நோய் பல சமயங்களில் பாட்டரியில் இல்லை. சூரியத் தகட்டிலும் இல்லை. கருவிக்குள் இயங்கும் நிரலில், உறங்க வேண்டிய உறுப்பை உறங்கவிடாமல் செய்யும் ஒரு சிறு பிழையாக அது ஒளிந்திருக்கிறது. அப்பிழை எவ்வாறு தோன்றுகிறது, அதை எவ்வாறு கண்டுபிடிப்பது, எவ்வாறு திருத்துவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். மின்னணுவியலும் கணினியும் பயின்று, ஊர்ப்புறக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பேற்றுள்ள இளைஞர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

மின்சாரக் கணக்கு

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். கருவியில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட ஈய அமிலப் பாட்டரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்வகைப் பாட்டரியை முழுவதும் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே பாதியளவே, அதாவது 3,500 மில்லி ஆம்பியர் மணியே, நாம் செலவிடத் தக்கது எனக் கொள்வோம்.

கருவி விழித்திருக்கும்போது 200 மில்லி ஆம்பியரும், உறங்கும்போது 10 மில்லி ஆம்பியரும் செலவாகட்டும். 15 நிமிஷங்களுக்கு ஒரு முறை 30 விநாடி விழித்து, அளந்து, செய்தி அனுப்பிவிட்டு உறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரிச் செலவு ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியர் ஆகும். வெயிலே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 9 நாள் கருவி தாங்கும். அடைமழையைக் கடக்க இது போதும்.

இப்பொழுது, நீர்மட்ட உணரியும் அதற்கு மின்சாரம் வழங்கும் பகுதியும் மட்டும் உறங்காமல், இடைவேளைகளிலும் 40 மில்லி ஆம்பியரை உறிஞ்சிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரிச் செலவு 55 மில்லி ஆம்பியராக உயர்கிறது. 9 நாள் என்பது இரண்டரை நாளாகச் சுருங்குகிறது. கருவி முழுவதுமே உறங்காவிட்டால், பாட்டரி பதினேழரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

வெயில் காயும் நாளில் இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் செலவானதைப் பகலில் தகடு நிரப்பிவிடுகிறது. சூரியன் மறைந்த நாட்களில்தான் கடன் வெளிப்படுகிறது. மழைக்காலத்தில் மட்டும் கருவி நிற்பதற்கு இது முதற் காரணம். இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

சாதன இயக்கி என்பது யாது?

கணினிப் பலகையில் பல உறுப்புகள் உள்ளன. அவற்றை நேரே ஆட்டிவைப்பது பயன்பாட்டு நிரலின் வேலையன்று. இடையில் இயங்குதளம் என்னும் அடிப்படை நிரல் இருக்கிறது. இத்தகைய கருவிகளில் பெரிதும் வழங்கும் இயங்குதளங்களுள் ஒன்று லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கியது. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம்.

இயங்குதளத்துக்குள் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தனி நிரற்பகுதி உண்டு. அதுவே சாதன இயக்கி எனப்படும். உணரிக்கு ஓர் இயக்கி. மோடத்துக்கு ஓர் இயக்கி. கடிகாரத்துக்கு ஓர் இயக்கி. உறுப்பை வேலை வாங்குவது மட்டுமன்று, வேலை முடிந்ததும் அதை உறங்கவைப்பதும், மறுபடி தேவைப்படும்போது முன்னிருந்த நிலையிலேயே எழுப்புவதும் இயக்கியின் கடமையாம்.

உறக்கம் இருவகைப்படும். கருவி முழுவதையும் ஒரே சமயத்தில் உறங்கவைப்பது ஒன்று; இதை முழு உறக்கம் எனலாம். கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வேலையில்லாத உறுப்பை மட்டும் தனியே உறங்கவைப்பது மற்றொன்று. இதைத் தனி உறக்கம் எனலாம். வீட்டார் எல்லோரும் படுக்கும்போது வீட்டின் எல்லா விளக்குகளையும் அணைப்பது முன்னது. ஆள் இல்லாத அறையின் விளக்கை அவ்வப்போது அணைப்பது பின்னது. நாம் எடுத்துக்கொண்ட கருவி, அளவுகளுக்கு இடையே தனி உறக்கத்தையே கையாள்கிறது என்று கொள்வோம்.

லினக்ஸில் தனி உறக்கத்துக்குப் பொதுவான ஒரு சட்டகம் 2009 டிசம்பரில் வெளியான 2.6.32 என்னும் பதிப்பில் இடம் பெற்றது. ரஃபேல் விசோக்கி என்பவர் அதை முன்னின்று உருவாக்கினார். ஆங்கிலத்தில் அதை ‘ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்’ என்பர். அதன் உயிர்நாடி ஒரு சின்னஞ்சிறு கணக்கேயாகும்.

படிப்பகமும் பதிவேடும்

அக்கணக்கை ஓர் உவமையால் விளக்குவோம். நமது ஊர்ப் படிப்பகத்தின் வாயிலில் ஒரு பதிவேடு இருப்பதாக எண்ணிக்கொள்க. உள்ளே செல்பவர் ஒரு கோடு போட வேண்டும்; வெளியே வருபவர் ஒரு கோட்டை அடிக்க வேண்டும். முதலில் நுழைபவர் விளக்கை ஏற்றுவார். பதிவேட்டில் ஒரு கோடும் மிஞ்சாதபோது காவலர் விளக்கை அணைப்பார். உள்ளே எட்டிப் பார்ப்பது காவலரின் வழக்கமன்று. ஏட்டையே அவர் நம்புவார்.

லினக்ஸின் ஒவ்வோர் உறுப்புக்கும் இத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. அதற்குப் பயன்பாட்டு எண்ணிக்கை என்று பெயர். உறுப்பைப் பயன்படுத்தப் போகும் நிரல் ‘எடுத்தேன்’ என்று அறிவிக்கும்போது எண்ணிக்கை ஒன்று கூடும். உறுப்பு உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்பப்படும். வேலை முடிந்து ‘விட்டேன்’ என்று அறிவிக்கும்போது எண்ணிக்கை ஒன்று குறையும். பூஜ்யத்தை அடைந்ததும் உறுப்பை உறங்கவைக்க இயங்குதளத்துக்கு உரிமை உண்டு. உடனே உறங்கவைத்து உடனே எழுப்புவதும் வீண்செலவாதலால், சில நொடி பொறுத்து உறங்கவைக்கும் ஏற்பாடும் உண்டு.

இம்முறையின் அழகு அதன் எளிமை. அதன் ஆபத்தும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. ஒரே ஒருவர் தம் கோட்டை அடிக்காமல் போனால், ஆளில்லாப் படிப்பகத்தில் விளக்கு விடியவிடிய எரியும். காவலர்மீது குற்றமில்லை, ஏட்டில் கோடு நிற்கிறது. மேலும், பல உறுப்புகள் ஒரே மின்தொகுதியில் இணைந்திருக்கக் கூடும். அவற்றுள் ஒன்று விழித்திருந்தாலும் தொகுதி முழுவதும் விழித்திருக்க நேரிடும். ஒருவர் செய்த தவறுக்கு ஊரே விழித்திருப்பது போன்றது இது.

தோல்விப் பாதையில் ஒளிந்திருக்கும் பிழை

கோடு அடிக்காமல் போவது எப்போது நேரும்? வேலை நல்லபடி முடிந்தால் எவரும் மறப்பதில்லை. வேலை தடைப்பட்டால்தான் மறதி வருகிறது.

நமது உணரியின் இயக்கியைப் பார்ப்போம். அது முதலில் ‘எடுத்தேன்’ என்கிறது. பிறகு உணரியிடம் அளவைக் கேட்கிறது. அளவு வந்தால் ‘விட்டேன்’ என்று கூறி, அளவை மேலே கொடுக்கிறது. அளவு வாராவிட்டால், ‘பிழை’ என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுகிறது. ‘விட்டேன்’ என்னும் சொல் கீழே, வெற்றிப் பாதையில் மட்டும் இருக்கிறது. தோல்விப் பாதையில் திரும்பியவர் கோட்டை அடிக்கவில்லை. அந்த நொடி முதல் அந்த உணரி உறங்காது. அடுத்த அளவு சரியாக வந்தாலும் பயனில்லை. அது தன் கோட்டை மட்டுமே அடிக்கும். ஒவ்வொரு தோல்வியும் மேலும் ஒரு கோட்டை மிச்சம் வைத்துச் செல்லும்.

முன்னே நிறுத்திவைத்த இரண்டாவது காரணத்தை இப்பொழுது கூறலாம். உணரியின் கம்பி இணைப்பில் ஈரம் புகுவது எப்போது? மழைக்காலத்தில்தான். ஈரத்தால் ஒரே ஒரு முறை அளவு தவறினால் போதும், கணக்கு கெட்டுவிடும். வெயிலில்லாத அதே நாட்களில் கசிவும் தொடங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்து மேசைமேல் கம்பி நனைவதில்லை. ஆதலால் அங்கே இப்பிழை தலைகாட்டுவதும் இல்லை. பாட்டரியை மாற்றும்போது கருவி புதிதாகத் தொடங்குகிறது. கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. புதிய பாட்டரியே நோயைத் தீர்த்ததாக எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

இதனினும் நுட்பமான வேறொரு வடிவமும் உண்டு. ‘எடுத்தேன்’ என்று அறிவிக்கும் செயற்கூறு ஆங்கிலத்தில் ‘பி.எம். ரன்டைம் கெட் சிங்க்’ எனப்படும். அது முதலில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுப் பிறகே உறுப்பை எழுப்ப முயல்கிறது. எழுப்ப முடியாமல் தோல்வி அடைந்தாலும், கூட்டிய எண்ணிக்கையை அது குறைப்பதில்லை. ஏட்டில் கோடு போட்டபின் கதவு திறக்கவில்லை என்று திரும்பிச் செல்பவரும் கோட்டை அடித்துவிட்டே செல்ல வேண்டும் என்பது அதன் விதி. விடையைச் சோதிக்காமல், வேலை முடிந்ததும் தவறாமல் ‘விட்டேன்’ என்று சொல்லும் இயக்கிகளுக்கு இவ்விதி பொருத்தமானதே. ஆனால் ‘எடுக்கவே முடியவில்லை, பிறகு எதை விடுவது?’ என்று நினைப்பது மனித இயல்பு. அவ்வியல்பினால் எண்ணற்ற இயக்கிகளில் இப்பிழை புகுந்தது.

2020-ஆம் ஆண்டில் இந்த ஒரே பிழையைத் திருத்தும் சிறுசிறு திருத்தங்கள் பல இயக்கிகளுக்கு வந்தவண்ணம் இருந்தன. இத்தனை பேர் ஒரே இடத்தில் இடறினால், குற்றம் நடப்பவரிடம் மட்டும் இல்லை, படியிலும் இருக்கிறது என்பது தெளிவு. ஆகவே அவ்வாண்டு டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில் ‘பி.எம். ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்’ என்னும் புதிய செயற்கூறு சேர்க்கப்பட்டது. இது உறுப்பை எழுப்ப முடியாவிட்டால் தான் போட்ட கோட்டைத் தானே அடித்துவிடும். புதிய இயக்கி எழுதுவோர், விடையைச் சோதித்துத் திரும்பும் இடங்களில் இதனைக் கையாள்வது நலம்.

வேறு நான்கு பிழைகள்

கணக்குப் பிழையைத் தவிர, அடிக்கடி காணும் வேறு நான்கையும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, முறை தவறுதல். உணரி ஒரு தொடர்புக் கம்பியின் வழியாகவே பேசுகிறது. அக்கம்பியை ஆளும் பகுதி முன்னதாக உறங்கிவிட்டால், உணரிக்கு ‘உறங்கு’ என்று சொல்லவும் வழியில்லை. ஆதலால் பிள்ளை முதலில் உறங்க வேண்டும், தாய் பின்னர். விழிக்கும்போது தாய் முதலில், பிள்ளை பின்னர். தாய் பிள்ளை உறவை இயங்குதளம் தானே அறியும். அவ்வுறவில்லாமல் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் உறுப்புகளுக்காக, 2017 பிப்ரவரியில் வெளியான 4.10 பதிப்பில் சாதனப் பிணைப்பு என்னும் வசதி ஏற்பட்டது. சார்பை இயக்கி எழுதுவோர் அதன் வாயிலாகத் தெரிவிக்கலாம். இதே வகையில், துடிப்பு மின்சாரம் நிறுத்தப்பட்ட உறுப்பின் பதிவகத்தைத் தொட்டால், பல சில்லுகளில் கருவி முழுவதும் செயலற்று நின்றுவிடும். கருவி உறங்கப்போய் மீளவில்லை என்றால், இதனை முதலில் ஐயுற வேண்டும்.

இரண்டாவது, நினைவிழத்தல். மின்சாரம் முற்றும் நிறுத்தப்பட்ட உறுப்பு, தன் பதிவகங்களில் இருந்த அமைப்புகளை மறந்துவிடும். விழித்தவுடன் அவற்றை இயக்கி திரும்ப எழுத வேண்டும். எழுதாவிட்டால் உறுப்பு விழித்தும் பிழையான அளவைச் சொல்லும். இப்பிழை சில பலகைகளில் தோன்றாது. ஏனெனில் அங்கே மின்சாரம் உண்மையில் நிறுத்தப்படுவதில்லை. ஒரு பலகையில் சரியாக ஓடிய இயக்கி மற்றொன்றில் தவறுவதற்கு இஃது ஒரு காரணம்.

மூன்றாவது, விழிப்புக் குறியில் தவறு. முழு உறக்கத்திலிருந்து கருவியை எழுப்பும் உரிமை எந்த உறுப்புக்கு உண்டு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் கருவி எழாது. அறிவித்தபின், பழைய குறி ஒன்று தீர்க்கப்படாமல் நின்றால், கருவி உறங்கிய மறுகணமே எழுந்துவிடும். கதவைத் தட்டிக்கொண்டே ஒருவர் நிற்க, வீட்டார் எப்படி உறங்குவர்?

நான்காவது, கம்பி வழிக் கசிவு. இது நிரலுக்கும் மின்சுற்றுக்கும் இடையே நிகழ்வது. உணரிக்கு மின்சாரத்தை நிறுத்திய பின்னும், தொடர்புக் கம்பியை மேலிழுக்கும் தடை வேறொரு மின்வழியில் இணைந்திருக்கலாம். அப்போது அக்கம்பி வழியே உணரிக்குள் மின்சாரம் பாயும். 3.3 வோல்ட்டில் 4.7 கிலோ ஓம் தடையின் வழியே ஏறத்தாழ 0.7 மில்லி ஆம்பியர் வரை செல்லக்கூடும். இரு கம்பிகளுக்கு 1.4. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, கசிவுக்கும் பொருந்தும். உறங்கும்போது ஒவ்வொரு முனையும் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை வகுத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

பிழையைத் தேடும் முறை

நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது தகாது. ஆகவே முதலில் அளக்க வேண்டும். பாட்டரிக்கும் பலகைக்கும் இடையே 0.1 ஓம் தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை மில்லி வோல்ட்டில் அளக்கலாம். 200 மில்லி ஆம்பியருக்கு 20 மில்லி வோல்ட்டும், 10 மில்லி ஆம்பியருக்கு 1 மில்லி வோல்ட்டும் காட்டும். சாதாரண மீட்டரை அதன் மில்லி ஆம்பியர் எல்லையில் நேரே இணைத்தால், மோடம் திடீரென மின்சாரம் கேட்கும்போது மீட்டரிலேயே அழுத்தம் விழுந்து கருவி மறுதொடக்கம் ஆகக்கூடும். மறுதொடக்கம் ஆனால் நாம் தேடும் தடயமும் அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்க.

இடைவேளையில் 10 என எதிர்பார்த்த இடத்தில் 50 காட்டினால், கருவியை அணைக்காமல் அதன் உள்நிலையைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடைவில் ‘பவர்’ என்னும் உள்ளடைவு உண்டு. அங்கே ‘ரன்டைம் ஸ்டேட்டஸ்’ என்னும் கோப்பு, சாதனம் விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்பதைக் கூறும். எவ்வளவு நேரம் விழித்திருந்தது, எவ்வளவு நேரம் உறங்கியது என்பவற்றை மில்லி விநாடிக் கணக்கில் வேறிரு கோப்புகள் கூறும். இயங்குதளத்தைத் தொகுக்கும்போது உரிய சோதனை வசதியைச் சேர்த்திருந்தால், ‘ரன்டைம் யூசேஜ்’ என்னும் கோப்பில் பயன்பாட்டு எண்ணிக்கையையே காணலாம். வேலையற்ற சாதனத்தின் எண்ணிக்கை 3 என்று நின்றால், மூன்று கோடுகள் அடிக்கப்படவில்லை என்பது வெளிப்படை.

இயக்கியைக் குற்றம் சாட்டுமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அதே அடைவில் ‘கன்ட்ரோல்’ என்னும் கோப்பு உண்டு. அதில் ‘ஆன்’ என்று இருந்தால், சாதனம் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்று எவரோ கட்டளையிட்டிருக்கிறார். அப்போது எண்ணிக்கை பூஜ்யமாகாதது பிழையன்று. ‘ஆட்டோ’ என்று இருந்தால்தான் மேலே தேட வேண்டும்.

முழு உறக்கத்தில் தவறு நேர்ந்தால் வேறொரு வழியைக் கையாளலாம். ‘பி.எம். டெஸ்ட்’ என்னும் வசதி, உறங்கும் செயலைப் பாதி வழியில் நிறுத்தி, ஐந்து விநாடி கழித்துத் திரும்ப எழுப்பும். முதலில் நிரல்களை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். அடுத்துச் சாதனங்கள் வரை. அதற்கடுத்து இன்னும் ஆழமான படிகள் வரை செல்லலாம். எந்தப் படியில் தவறுகிறதோ, அங்கேதான் குற்றவாளி இருக்கிறது. சாதனங்கள் படியில் தவறினால், இயக்கிகளில் பாதியை நீக்கிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். தவறு மறைந்தால் நீக்கிய பாதியில் பிழை. மறையாவிட்டால் மிஞ்சிய பாதியில் பிழை. இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால், 32 இயக்கிகளுள் பிழையானது ஐந்தே சோதனைகளில் அகப்படும். காரணமின்றிக் கருவி எழுந்தால், எழுப்பியது யார் என்பதை ‘வேக்கப் சோர்சஸ்’ என்னும் பட்டியல் காட்டும்.

திருத்தமும் சோதனையும்

குற்றம் இன்ன இயக்கியில் என்று தெரிந்தபின், அதன் மூல நிரலைத் திறந்து, ‘எடுத்தேன்’ என்னும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைக்க வேண்டும். அங்கிருந்து வெளியேறும் எல்லா வழிகளையும் ஒரு தாளில் எழுத வேண்டும். வெற்றியில் முடியும் வழி ஒன்று. தோல்வியில் திரும்பும் வழிகள் பல. ஒவ்வொரு வழியிலும் ‘விட்டேன்’ என்னும் சொல் ஒரு முறை, ஒரே முறை, வருகிறதா என்று பார்க்க வேண்டும். நமது உணரியின் இயக்கியில், அளவு வந்தாலும் வாராவிட்டாலும் எல்லா வழிகளும் ஒரே வாயிலில் வந்து சேரும்படி மாற்றி, அவ்வாயிலில் ‘விட்டேன்’ என்று எழுதினால் பிழை தீரும். திருத்தம் இரண்டு மூன்று வரிகளே.

ஆத்திரத்தில் இருக்கும் இடமெல்லாம் ‘விட்டேன்’ என்று சேர்ப்பதும் தவறு. ஒரு கோட்டுக்கு இரு முறை அடித்தால், வேறொருவர் உள்ளே படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணையும். அளவு கேட்கும் நடுவிலேயே உணரி உறங்கிப்போகும். கசிவைக் காட்டிலும் இதனைக் கண்டுபிடிப்பது கடினம். அவ்வாறே, சில இயக்குநர்கள் எண்ணிக்கையைத் தேடாமல், 12 மணிக்கு ஒரு முறை கருவியை மறுதொடக்கம் செய்ய ஏற்பாடு செய்வதுண்டு. அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

திருத்தியபின் சோதிக்க வேண்டும். வெற்றிப் பாதையை ஆயிரம் முறை ஓட்டுவது எளிது, அதுவும் வேண்டும். கடிகாரத்தின் உதவியால் கருவியை இரவு முழுவதும் உறங்கவைத்து எழுப்பிக்கொண்டே இருக்கலாம். ஆனால் நமது பிழை இருந்தது தோல்விப் பாதையில் அன்றோ? ஆகவே தோல்வியை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது உணரியின் சமிக்ஞைக் கம்பியைக் கழற்றுக. மூன்று அளவுகள் தவறட்டும். மறுபடி இணைக்க. அடுத்த அளவு வந்து முடிந்தபின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்குகிறதா, சாதனம் உறங்குகிறதா, மீட்டர் 1 மில்லி வோல்ட்டுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க. மூன்றும் ஒத்தால்தான் திருத்தம் முடிந்ததாகக் கொள்ளலாம். திருத்தத்துக்கு முன்னும் இதே சோதனையைச் செய்து குறித்து வைத்திருந்தால், பயன் எவ்வளவு என்பது எண்களாலேயே விளங்கும்.

அன்றியும், இயக்கியை நீக்கி மறுபடி சேர்த்தும் பார்க்க வேண்டும். சேர்க்கும்போது தொடங்கிய ஏற்பாட்டை நீக்கும்போது முடிக்காமல் விட்ட இயக்கிகள், இரண்டாம் முறை சேர்க்கையில் கணக்குச் சமமில்லை என்னும் எச்சரிக்கையை இயங்குதளத்தின் குறிப்பேட்டில் பதியச் செய்யும். எச்சரிக்கையைப் படித்தும் படிக்காததுபோல் விட்டுவிடுவது கூடாது.

முடிவுரை

லினக்ஸ் போன்ற பொது நிரலில் ஒருவர் செய்யும் திருத்தம் அவர் பெட்டியோடு நிற்க வேண்டியதில்லை. என்ன பிழை, எப்போது தோன்றும், எப்படிச் சோதித்தோம் என்பவற்றைத் தெளிவாக எழுதி, அந்த இயக்கியைப் பராமரிப்போருக்கு அனுப்பலாம். அவர்கள் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால், அதே உணரியைப் பயன்படுத்தும் எல்லா ஊர்களுக்கும் அடுத்த பதிப்பில் அது போய்ச் சேரும். தன் வயலுக்கு மட்டும் வாய்க்காலைச் சீர்செய்யாமல், தலைமதகிலேயே சீர்செய்வதற்கு இஃது ஒப்பாகும்.

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால், அது கிடைக்கும்வரை ஏட்டைப் புரட்டுகிறோம். கருவியின் கணக்கிலும் அதே நேர்மை வேண்டும். எடுத்ததை விட வேண்டும். வேலை நடந்தாலும் விட வேண்டும், நடவாவிட்டாலும் விட வேண்டும். பாட்டரிக்கு மேல் பாட்டரி வாங்குமுன், ஏட்டில் அடிக்காத கோடு ஏதேனும் உண்டா என்று ஒரு முறை பார்ப்போமாக. அங்ஙனம் பார்த்துத் திருத்திய கருவி, வெயிலே காணாத அடைமழையிலும், ஏரி நிரம்பும் இரவிலும், ஊருக்குச் சொல்ல வேண்டியதைத் தவறாமல் சொல்லும்.